தூங்குகிறவன் சொன்ன பதில்

எங்கள் தூக்க ஆய்வகத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரிய மேடத்திலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் பசை அக்கா. தூங்க வருகிறவர்களின் மண்டையிலும் நெற்றியிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் பசை தடவி ஒயர் ஒட்டுவது அவள் வேலை. ஒரு ஆளுக்குப் பத்தொன்பது ஒயர். மறுமுனைகளைக் கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் சின்னப் பெட்டியில் சொருகினால், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் என் திரையில் கோடுகள் ஓட ஆரம்பிக்கும். திரையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் அவளுக்கு நான் 'கம்ப்யூட்டரு'.

இங்கே வருவதற்கு முன் பதினான்கு வருஷம் முடி திருத்தும் கடையில் இருந்தாள். அந்தக் கை அப்படியே இங்கே வந்துவிட்டது. ஆளை உட்காரவைத்துப் பின்னால் நின்று, சீப்பால் முடியைப் பிரித்து, தோல் தெரியும் இடத்தில் ஒரு பொட்டுப் பசை வைப்பாள். அந்த நேரத்தில் எதிராளியின் கதை முழுவதையும் கறந்துவிடுவாள். "எனக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாதும்மா" என்று ஒரு வாத்தியார் அலுத்துக்கொண்டபோது, "அப்புறம் ஏன் சார் தலையணை படற பக்கம் மட்டும் முடி இப்படி நசுங்கிக் கிடக்கு?" என்று கேட்டாள். மனுஷர் அவசரமாகக் கையால் முடியைத் தடவி நிமிர்த்திக்கொண்டார்.

வேலையில் மட்டும் அவளிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது. ஒட்டி முடித்ததும் ஒரு சரிபார்ப்பு உண்டு. "இடது பாருங்க. வலது பாருங்க. பல்லைக் கடிங்க. கண்ணை மூடுங்க." ஒவ்வொன்றுக்கும் சரியான கோடு சரியான பக்கம் போகிறதா என்று நான் இங்கிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். இடது பார்த்தால் கண் கோடு மேலே ஏறும். வலது பார்த்தால் கீழே இறங்கும். ஒருநாள் டீ ஆறுகிறதே என்று பார்க்காமலேயே "சரி" சொல்லிவிட்டேன். எப்படித்தான் கண்டுபிடித்தாளோ, உள்ளே வந்து என் டீயை எடுத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நான் ஒழுங்கு.

எங்கள் மேடத்துக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் பைத்தியம். கனவு கண்டுகொண்டிருக்கும்போதே சிலருக்கு 'இது கனவு' என்று தெரிந்துவிடும். அதைத் தெளிகனவு என்பார். அப்படித் தெரிந்துகொண்டவரோடு வெளியிலிருந்து பேச முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. கனவுத் தூக்கத்தில் உடம்பு கட்டிப்போட்ட மாதிரி கிடக்கும். வாய் அசையாது, கை அசையாது. கண் மட்டும் மூடிய இமைக்குள் சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே கண்தான் வாய். கனவு என்று தெரிந்ததும் தூங்குகிறவர் இடது, வலது, இடது, வலது என்று நாலு பெரிய வீச்சு வீச வேண்டும். உடனே நாங்கள் மெல்லிய மணி ஒன்று அடிப்போம். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று அதற்கு அர்த்தம். இரண்டு தடவை வலது பார்த்தால் 'நன்றாக இருக்கிறேன், என்னை விடுங்கள்'. இரண்டு தடவை இடது பார்த்தால் 'எழுப்புங்கள்'. நன்றாக இருந்தால் மேடம் ஒலிபெருக்கியில் ஒரு சின்னக் கணக்குக் கேட்பார். எட்டில் ஆறு போனால் எத்தனை என்கிற அளவுக்குத்தான்.

இரண்டு வருஷத்தில் பதினோரு பேர் வந்து படுத்தார்கள். நாலு வீச்சு வரை வந்தவர்களே மூன்று பேர். பதில் சொன்னவர் ஒருவரும் இல்லை. மேடம் கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்று நின்று, கடைசியில் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

பன்னிரண்டாவதாக வந்தவன் அக்காவின் சொந்தத் தம்பி.

அவன் லிப்ட் மெக்கானிக். என்னைவிட இரண்டு வயது இளையவன். ஒரு விடுமுறை நாளில், ஆளில்லாத ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில், லிப்ட் குழிக்குள் தனியாக இறங்கி வேலை பார்த்திருக்கிறான். தனியாக இறங்கக் கூடாது. அரை மணி நேர வேலைதானே என்று இறங்கிவிட்டான். மேலே நின்ற லிப்ட் நழுவி இறங்கி வந்து, மல்லாந்து கிடந்தவனின் மார்புக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது. போன் மேலே பைக்குள். சுவரில் இருந்த சிவப்பு நிறுத்தப் பொத்தானுக்குக் கை எட்டவில்லை. நாலு மணி நேரம் கத்தியிருக்கிறான். சாயங்கால ஷிப்டுக்கு வந்த காவலாளி காதில்தான் விழுந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தான்.

ஆனால் கனவில் அந்த லிப்ட் ஒரு சாணில் நிற்பதில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷமாக வாரத்தில் ஐந்து நாள் அதே கனவு. தூங்கப் பயந்து நாற்காலியில் உட்கார்ந்தே விடியவைப்பான். மெக்கானிக் வேலை போய், பெயின்ட் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று டப்பா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கட்டிய மனைவி, தூக்கத்தில் அவன் உதைப்பதற்குப் பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறையில் படுத்தாள். "தூங்கறேன்" என்று சொல்லவே பயப்படுகிற ஆளை நான் அவனிடம்தான் பார்த்தேன். "கொஞ்சம் சாய்ஞ்சுக்கறேன்" என்பான்.

கனவில் இது கனவு என்று தெரிந்துவிட்டால், பயந்து விழிக்காமல் உள்ளேயே நின்று அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடலாம். அழுத்தினால் கனவின் பிடி விடும் என்று மேடம் நம்பினார். வேலை செய்கிறவர்களின் உறவுக்காரர்களை எடுப்பதில்லை என்று ஆய்வகத்தில் விதி இருந்தது. அக்கா ஒற்றைக் காலில் நின்று அதை மாற்றினாள்.

ஏழு வாரம் பயிற்சி. பகலில் எந்தச் சுவிட்சைத் தொட்டாலும் 'இது கனவா?' என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அதுவே பழக்கமாகிக் கனவிலும் வரும். பெயின்ட் கடை முதலாளி ஒருநாள் அக்காவுக்குப் போன் போட்டார். "உங்க தம்பி பேன் சுவிட்ச் முன்னாடி நின்னு அரை மணி நேரமா யோசிக்கறாரும்மா. எனக்குப் புழுங்குது."

ஏழு வாரம் முடிந்து ஆய்வகத்தில் வந்து படுத்தவனை மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுப்பினோம். அதுவும் முறைதான். விடியலில் எழுப்பி, அரை மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி தூங்கவிட்டால் தெளிகனவு வர வாய்ப்பு அதிகம். எழுந்தவன் முகத்தைத் தேய்த்ததில் கண்ணோர ஒயர் ஒன்று பிய்ந்து வந்துவிட்டது. அக்கா கண்ணோர ஒயர் இரண்டையும் எடுத்துத் துடைத்துப் புதுசாக ஒட்டினாள். பெட்டியில் சொருகினாள். அதற்குள் அவன் தலை தொங்கிவிட்டது. ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காதவன்.

"சரிபார்ப்பு?" என்று மைக்கில் கேட்டேன்.

"புள்ளைக்கு இப்பதான் கண்ணு சொக்குது. விடு" என்றாள்.

மற்றவர்களாக இருந்தால் உலுக்கி எழுப்பியிருப்பாள். நானும் விட்டுவிட்டேன்.

ஏழு மணிக்கு வெளியே நல்ல வெயில். எங்கள் அறை ஜன்னலில் நான் அட்டை வைத்து மறைத்திருந்தேன். நடைபாதையில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே ஜன்னலுக்குக் கறுப்புத் திரைச்சீலை போட்டிருந்த இருட்டில் அவன் அசையாமல் கிடந்தான். ஏழு பத்துக்குத் தாடைக் கோடு தட்டையானது. உடம்பு தளர்ந்துவிட்டது, கனவு ஆரம்பம். நாங்கள் மூவரும் திரைக்கு முன்னால் முட்டி மோதிக்கொண்டு நின்றோம்.

ஏழு பன்னிரண்டுக்கு வந்தது. நாலு பெரிய வீச்சு. சந்தேகமே இல்லாமல், பள்ளத்தாக்கும் மலையுமாக நாலு.

"தெரிஞ்சிடுச்சு! அவருக்குத் தெரிஞ்சிடுச்சு!" மேடம் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மணி அடிங்க!"

அடித்தேன். மூச்சு விடாமல் பார்த்தோம். ஆறு வினாடி. கோடு கீழே போய் மீண்டது. மறுபடி கீழே போய் மீண்டது. இரண்டு தடவை வலது. 'நன்றாக இருக்கிறேன், என்னை விடுங்கள்.'

மேடத்தின் கண் கலங்கிவிட்டது. "கேட்டோம், சொல்லிட்டாரு!" என்று கணக்குத் தாளை விரித்தார். எனக்கும் உடம்பு புல்லரித்தது. தூங்குகிற ஒரு மனிதன் எங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறான்!

அக்கா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மொதல்ல கீழ போச்சு" என்றாள்.

"என்னது?"

"நாலு வீச்சு வந்துச்சே, அது மொதல்ல கீழ போச்சு மேடம். அவன் எப்பவும் இடதுலதான் ஆரம்பிப்பான். கோடு மேலதான் ஏறணும்."

"கனவுல இருக்கற மனுஷன். எந்தப் பக்கம் ஆரம்பிக்கணும்னு எல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"ஏழு வாரமா வீட்லயும் கடையிலயும் பழகியிருக்கான். ஒரு தடவ கூட மாத்தினதில்ல." அவள் குரல் இறங்கிவிட்டது. "நான் ஒயரை மாத்திச் சொருகியிருந்தேன்னா? சரி பாக்கவே இல்லையே."

இடது ஒயர் வலதில், வலது ஒயர் இடதில் என்றால் எல்லாமே தலைகீழ். அவன் இரண்டு தடவை இடது பார்த்திருக்கிறான். 'எழுப்புங்கள்' என்று கேட்டிருக்கிறான்.

அப்போது கோடு மறுபடி கீழே போனது. கீழே. மணி அடிக்காமலேயே. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு.

"பாருங்க, அவரே அழுத்திச் சொல்றாரு, விடுங்கன்னு" என்றார் மேடம். ஆனால் முன்பிருந்த உறுதி குரலில் இல்லை. "இப்ப எழுப்பி, அவர் பொத்தான் பக்கத்துல இருந்தாருன்னா? ஏழு வாரம் பட்ட பாடெல்லாம் போயிடும். இன்னொரு தடவ இப்படி வருமான்னு யாருக்குத் தெரியும்?"

அதுவும் நியாயம்தான். இதுதான் அந்த அறையில் எங்கள் கழுத்தை நெரித்தது. அவன் பொத்தானை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தால், எழுப்புவது அவன் வாழ்க்கையில் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தைப் பிடுங்குவது. அவன் லிப்டுக்கு அடியில் கிடந்தால், எழுப்பாமல் இருப்பது அதைவிடப் பாவம். இரண்டுக்கும் திரையில் ஒரே கோடு. நாடித்துடிப்பு எண்பத்தெட்டிலிருந்து நூற்று நாலுக்கு ஏறியது. அதுவும் ஒன்றும் சொல்லாது. கனவுத் தூக்கத்தில் நாடி தானாகவே ஏறி இறங்கும்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "கம்ப்யூட்டரு, நீ பாத்தியா? மொத வீச்சு கீழதானே?"

பார்த்திருந்தேன். கீழேதான். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரியா கவனிக்கலக்கா" என்றேன்.

இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் எரிச்சலாக வருகிறது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"பதிவு நடக்கும்போது உள்ள போகக் கூடாது!" என்று மேடம் அடிக்குரலில் கத்தினார். அக்கா போய்விட்டாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சின்ன இரவு விளக்கின் வெளிச்சத்தில் சத்தமில்லாமல் நடந்து கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் நின்றாள். எதிரில் நின்றால் அவன் இடது இவளுக்கு வலது. பதற்றத்தில் குழம்பிவிடும். அதனால்தான் தலைக்குப் பின்னால் நின்றாள். குனிந்து, தம்பியின் மூடிய இமைகள் மேல் முகத்தை வைத்துக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளும் கருவிழி இருக்கும் இடம் லேசாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். அது எந்தப் பக்கம் போகிறது என்று ஒயரில்லாமல் நேராகப் பார்க்கப் போகிறாள்.

ஆனால் கண்கள் ஓய்ந்துவிட்டிருந்தன. கோடு சும்மா நெளிந்துகொண்டிருந்தது. நாடி நூற்றிருபத்தாறு. அவன் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

அக்கா என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். மணி அடி என்கிறாள்.

மேடம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியது என் வேலை. அடித்துவிட்டேன்.

மூன்று வினாடி. ஐந்து. எட்டு. அக்கா கல் மாதிரி குனிந்திருந்தாள். பிறகு திரையில் கோடு கீழே போனது, முன்பு மாதிரி பெரிதாக இல்லை, தயங்கித் தயங்கி. மறுபடி கீழே. அதே கணத்தில் கண்ணாடிக்கு அப்பால் அக்காவின் இடது கை உயர்ந்து இடது பக்கம் காட்டியது. ஒன்று. இரண்டு.

"எழுப்புங்க!" என்று மைக்கில் கத்தியது மேடம்தான். "எழுப்புங்க அவரை!"

அக்கா அதற்கு முன்பே இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "டேய், எழுந்திரு. அக்கா வந்துட்டேன். எழுந்திருடா." பத்தொன்பது கோடும் பைத்தியம் பிடித்த மாதிரி எகிறின. அவன் தண்ணீருக்குள்ளிருந்து வந்தவன் போல மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, அவள் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தாடை ஒயர் பிய்ந்து தொங்கியது.

நானும் மேடமும் கதவருகே போய் நின்றோம். உள்ளே நுழைய எங்களுக்கு முகமில்லை.

"கனவுன்னு தெரிஞ்சுது" என்றான் கடைசியில். "பொத்தானை அழுத்தலாம்னு பாத்தேன். கை வரலக்கா. கனவுன்னு தெரிஞ்சும் கை வரல. அது எறங்குது. மணி கேட்டுச்சு. சரி, கூப்பிடுவோம்னு கண்ணைத் திருப்பினேன். திருப்பித் திருப்பிப் பாத்தேன்."

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டேன்?" என்று கேட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்சம் குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அன்றைக்கு ஒரு பொய் போதும். போய்ப் பதிவைப் பார்த்துவிட்டு வந்தேன். "மொதல்ல கூப்பிட்டதுலேந்து அக்கா உங்களைத் தொட்டது வரைக்கும் ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு."

"என் தப்புடா" என்று அக்கா உடைந்துவிட்டாள். "ஒயரை மாத்திச் சொருகிட்டேன். உனக்குத் தூக்கம் வருதேன்னு சரி பாக்காம விட்டேன். நீ எழுப்பு எழுப்புன்னு கேட்டிருக்க, நாங்க விடு விடுன்னு படிச்சுட்டு நின்னோம். சந்தோஷப்பட்டோம்டா. அடியில கிடந்து நீ கத்தற, நாங்க இங்க சந்தோஷப்பட்டோம்."

எத்தனையோ தலைகளுக்குப் பின்னால் நின்று எத்தனையோ பேர் அழுததைக் கேட்டவள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். மேடம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவன் கத்துவான், ஒயர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன். அவனுக்கு அந்த உரிமை இருந்தது.

அவன் அக்காவின் கையை விடவில்லை. எதையோ மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்க்கிறவன் மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணரை நிமிஷமா?" என்றான்.

"அதுக்கு மேலடா."

"அன்னிக்கு நாலு மணி நேரம்க்கா." அவன் குரல் நடுங்கியது. "இந்த ரெண்டு வருஷத்துல கனவுல அங்கேந்து கூப்பிட்டு ஒருத்தர் கூட வந்ததில்ல. நீ வந்துட்ட."

அவன் மெதுவாகப் பின்னால் சரிந்து, தலையணையில் தலையை வைத்து, ஒயர் அழுந்தாதபடி இடம் பார்த்து ஒருக்களித்துக்கொண்டான்.

"மணி என்ன?"

"ஏழு இருபது" என்றேன்.

"கடை திறக்க இன்னும் நேரம் இருக்கு." கண் ஏற்கெனவே செருகிக்கொண்டிருந்தது. "அழாதக்கா. அந்த ஒயரைச் சரியா சொருகு. நான் தூங்கறேன்."